உங்கள் கம்ப்யூட்டர் வெளியே என்ன பெயரில் தெரிகிறது?

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் உண்டு. இதை 'ஹோஸ்ட்நேம்' என்பார்கள். வைஃபையில் இணையும்போது பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இந்தப் பெயரை ரூட்டரிடம் சொல்லிவிடும். சில நேரம் அதே வைஃபையில் உள்ள மற்றவர்களுக்கும் அது தெரியும்.

மேக், உபுண்டு போன்றவை நாம் கொடுக்கும் பயனர் பெயரிலிருந்தே இந்தப் பெயரை அமைக்கின்றன. விண்டோஸ் 7-லும் இதே வழக்கம் இருந்தது. விளைவு, கல்லூரி விடுதியிலோ விமான நிலையத்திலோ நம் பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்ததும், 'பாத்திமா-லேப்டாப்' என்று அவர்களின் பெயர் முன்பின் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேரலாம். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆர்எஃப்சி 8117 என்ற ஆவணம் இந்த ஆபத்தைத்தான் எச்சரிக்கிறது.

பெயரை மாற்றுவது எளிது. கீழே உள்ள கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

விண்டோஸ் 10, 11

1. ஸ்டார்ட் மெனுவில் 'பவர்ஷெல்' என்று தேடி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறக்கவும்.
2. 'ஹோஸ்ட்நேம்' என்று அடித்து எண்டர் தட்டினால் இப்போதைய பெயர் தெரியும்.
3. 'ரீநேம்-கம்ப்யூட்டர்' என்று நடுவில் ஹைபனுடன் அடித்து எண்டர் தட்டவும். புதிய பெயரைக் கேட்கும், கொடுக்கவும்.
4. ரீஸ்டார்ட் செய்யவும். அதன் பிறகே புதிய பெயர் நடைமுறைக்கு வரும்.

உபுண்டு

டெர்மினலில் 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' என்று அடித்தால் பெயர் தெரியும். மாற்றுவதற்கு, 'சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டுப் புதிய பெயரை எழுதவும். வெறும் 'ஹோஸ்ட்நேம்' கட்டளையால் மாற்றினால், ரீஸ்டார்ட் செய்ததும் பழைய பெயரே திரும்பிவிடும்.

கவனிக்க வேண்டியவை

• ஆங்கில எழுத்து, எண், ஹைபன் மட்டும் பயன்படுத்துங்கள். இடைவெளி கூடாது. 15 எழுத்துகளுக்குள் இருக்கட்டும்.
• ஆளின் பெயர், ஊர், கல்லூரி, பிறந்த ஆண்டு எதுவும் வேண்டாம். 'நீலம்-27' போன்ற பொதுப் பெயர் போதும்.
• உங்கள் கோப்புகளும் பாஸ்வேர்டும் மாறாது. ஆனால் வீட்டில் இந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்ந்த பிரிண்டரை மீண்டும் இணைக்க வேண்டியிருக்கலாம்.
• அலுவலக லேப்டாப் என்றால் நிர்வாகத்தைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

பெயரை மாற்றுவதால் முழுப் பாதுகாப்பும் கிடைத்துவிடாது. வைஃபை நடத்துபவருக்குக் கருவியின் வேறு அடையாளங்கள் தெரியவே செய்யும். ஆனாலும் பிள்ளையின் பெயரை நாமே முன்வந்து அறிவிக்கத் தேவையில்லை. இன்றே வீட்டிலுள்ள லேப்டாப்களை ஒருமுறை பாருங்கள். செல்போனுக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு. செட்டிங்ஸில் அதையும் மாற்றிவிடலாம்.