செருப்பை எடுத்துக் கொடுத்தாளா எலிஸா?

‘மை ஃபேர் லேடி’ படம் பார்த்தவர்களிடம் முடிவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டு போன எலிஸா திரும்பி வந்துவிடுகிறாள், சுபம் என்பார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு மூலமான நாடகத்தில் அவள் திரும்பி வருவதே இல்லை! ஏன் இந்த வித்தியாசம்?

மூல நாடகம் பெர்னார்ட் ஷா எழுதிய ‘பிக்மேலியன்’. 1913-ல் வியன்னாவில் ஜெர்மன் மொழியிலும், 1914-ல் லண்டனில் ஆங்கிலத்திலும் மேடையேறியது. தெருவில் பூ விற்கும் ஏழைப்பெண் எலிஸா. அவள் பேச்சைத் திருத்தி, ஆறே மாதத்தில் சீமாட்டி என்று எல்லோரையும் நம்ப வைத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டுகிறார் உச்சரிப்பு நிபுணரான பேராசிரியர் ஹிக்கின்ஸ்.

எலிஸாவை யாரும் இழுத்து வரவில்லை. அவளாகவேதான் அவர் வீடு தேடி வருகிறாள். தெருமுனையில் கூடையோடு நிற்காமல், ஒரு பூக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு நல்ல பேச்சு வேண்டும். பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருகிறேன் என்கிறாள். அவளுடைய ஒரு நாள் வருமானமே சுமார் இரண்டரை ஷில்லிங்தான்! அதில் ஐந்தில் இரண்டு பங்கு தருகிறாளே என்று ஹிக்கின்ஸே அசந்து போகிறார்.

அப்புறம் இந்தப் பெண்ணின் கதி?

எல்லாம் முடிந்த பிறகு இவள் எங்கே போவாள், எப்படிப் பிழைப்பாள்? இந்தக் கேள்வி படித்த ஆண்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஹிக்கின்ஸின் வீட்டு நிர்வாகி மிஸஸ் பியர்ஸ் கேட்கிறாள். பிறகு ஹிக்கின்ஸின் தாயார் கேட்கிறார். குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தானே நாளைய சாப்பாட்டுக் கவலை தெரியும்!

நாடகத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. தாயார் வீட்டுத் தேநீர் விருந்தில், அட்சர சுத்தமான உச்சரிப்பில், தன் அத்தையை யாரோ தீர்த்துக் கட்டிய கதையை எலிஸா விளக்குவாள் பாருங்கள், வயிறு வலிக்கும். பேச்சு மாறிவிட்டது, விஷயம் மாறவில்லை!

சினிமா இதையெல்லாம் கண்ணுக்கு விருந்தாக்கியது. 1938-ல் வந்த ‘பிக்மேலியன்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியதில் ஷாவுக்கும் பங்கு உண்டு. அதற்காக ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. மேடையில் காட்டாத பெரிய விருந்தைப் படத்தில் நேரில் பார்க்கிறோம். 1956-ல் இதே கதை பாட்டுகளோடு ‘மை ஃபேர் லேடி’ என்ற நாடகமாகி, 1964-ல் அதே பெயரில் படமாகி எட்டு ஆஸ்கார்களை வாங்கியது. குதிரைப் பந்தயக் காட்சியில் அந்த உடைகளும் தொப்பிகளும்... அடேயப்பா! ஒரு வேடிக்கை, குரலைத் திருத்தும் இந்தக் கதையில், ஆட்ரி ஹெப்பர்னின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பாடியது மார்னி நிக்ஸன் என்ற பாடகி.

செருப்பு படுத்திய பாடு

விருந்தில் எலிஸா ஜெயித்துவிட்டாள். வீடு திரும்பிய ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்கிறார்கள். பாடுபட்டவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. செருப்பு எங்கே என்று ஹிக்கின்ஸ் தேட, அவள் பேசாமல் கொண்டுவந்து வைக்கிறாள். அது தானாகவே வந்து நின்றது போல அவர் பார்க்கிறார்! நம் வீடுகளிலும் காபியும் துவைத்த சட்டையும் இப்படித்தானே ‘தானாகவே’ வருகின்றன? கடைசியில் அதே செருப்பைத் தூக்கி அவர் மேல் எறிகிறாள் எலிஸா. இனிப் பழையபடி தெருவில் பூ விற்கவும் முடியாது. சீமாட்டியாக வாழக் காசும் இல்லை.

இதுவரை நாடகமும் சினிமாவும் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவில்தான் பிரிகின்றன. நாடகத்தில், ஹிக்கின்ஸ் கையுறை, டை எல்லாம் வாங்கி வரச் சொல்கிறார். நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். 1914-லேயே ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழுவதற்குள் எலிஸாவுக்குப் பூவை எறிந்து காதல் சாயம் பூசினார். ஷாவுக்கு வந்ததே கோபம்! 1916-ல் புத்தகத்தின் பின்னுரையாக மீதிக் கதையை எழுதிவிட்டார். எலிஸா தன்னை நேசிக்கும் ஃப்ரெடியை மணக்கிறாள். அவனுக்குச் சம்பாதிக்கத் தெரியாது. கர்னல் பிக்கரிங் உதவியோடு பூக்கடை வைக்கிறார்கள். முதலில் தடுமாற்றம். கணக்கு எழுதவும் தட்டச்சும் கற்க இருவரும் வகுப்புகளுக்குப் போகிறார்கள். மெல்ல மெல்லக் கடை நிமிர்கிறது.

சினிமாவிலோ, இரண்டு படங்களிலும் எலிஸா திரும்பி வந்து நிற்க, ஹிக்கின்ஸ் சாய்ந்துகொண்டு செருப்பு எங்கே என்று கேட்கிறார். திரை! எறிந்த செருப்பை அவள் மறுபடி எடுத்துக் கொடுத்தாளா? படம் சொல்லவில்லை. பூக்கடை ஆசை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவில்லை.

அதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டாம். வயது வந்த பெண்ணோடு உட்கார்ந்து தாராளமாகப் பார்த்து ரசியுங்கள். முடிந்ததும் பூக்கடைக் கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். உனக்கு எந்த முடிவு பிடிக்கிறது, ஏன் என்று கேளுங்கள். அவள் பதில் என்னவென்று காது கொடுத்துக் கேளுங்கள்.