கொட்டேஷனும் மூல ஓலையும்: சிறு எஸ்யூவி வாங்குவோர் அறிய வேண்டிய உரிமைகள்

நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் கார்களைச் சிறு எஸ்யூவி என்று சந்தை அழைக்கிறது. இவ்வகையில் ஒன்றை வாங்க முடிவு செய்யும் குடும்பம், பல மாதிரிகளைக் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நிற்பதே வழக்கம். அப்படி அடிக்கடி எதிரெதிரே நிறுத்தப்படும் இணைகளுள் டாடா நெக்ஸானும் மாருதி சுசுகி பிரெஸ்ஸாவும் ஒன்று. இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு எல்லார்க்கும் பொருந்தும் விடை கிடையாது. ஆனால் எதைக் கேட்டறியும் உரிமை வாங்குபவருக்கு உண்டு, எதை எழுத்தில் பெறாவிட்டால் பின்னாளில் இழப்பு நேரும், நேர்ந்தபின் எங்கே முறையிடலாம் என்ற கேள்விகளுக்குத் திட்டவட்டமான விடைகள் சட்டத்திலேயே உள்ளன. அவற்றை விட்டுவிட்டு நிறத்தையும் சன்ரூஃபையும் மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது, பத்து லட்ச ரூபாய்ச் செலவில் ஒரு குடும்பம் தனக்குத்தானே இழைத்துக்கொள்ளும் அநீதியாகும்.

ஒப்பீடு வாங்குபவரின் சாலையிலிருந்து தொடங்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருநாவலூர், விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே, சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். இங்குள்ள ஒரு குடும்பத்தின் கார் ஒரு நாள் நான்குவழிச் சாலையில் விரைவுப் பேருந்துகளுக்கு இணையாக ஓடும்; அரவைப் பருவத்து இரவில், பின்விளக்கு இல்லாத டிரெய்லரில் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டரின் பின்னால் ஓடும்; மற்றொரு நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஐந்து பேரோடு ஏறும். முதலிரண்டும் பாதுகாப்பையும் பிரேக்கையும் சோதிப்பவை. மூன்றாவது எஞ்சினைச் சோதிப்பது.

மலையேற்றத்தில் பயன்படுவது எஞ்சின் சக்கரத்தைத் திருப்பும் வலிமை, அதாவது முறுக்குவிசை. இது நியூட்டன் மீட்டரில் அளக்கப்படுகிறது. நெக்ஸானின் 1199 சிசி பெட்ரோல் எஞ்சினில் டர்போ உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் சிறு விசிறி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதால் அது 170 நியூட்டன் மீட்டர் தருகிறது. டர்போ இல்லாத பிரெஸ்ஸாவின் 1462 சிசி எஞ்சின் ஏறத்தாழ 137 தருகிறது. அதன் பலம் எளிய அமைப்பும், விட்டுவிட்டு வராமல் சீராக எழும் ஓட்டமும். டீசல் வேண்டுவோருக்கு நெக்ஸானில் 260 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் இருக்கிறது. பிரெஸ்ஸாவில் 2020க்குப் பின் டீசல் இல்லை. இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் பாதி வழியில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்ப்பது பயன் தரும். ஷோரூம் வாசலிலிருந்து அடுத்த சிக்னல்வரை ஓட்டிக் காட்டுவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. நீண்ட ஓட்டம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாதுகாப்பில்தான் ஒப்பீடு பெரும்பாலும் தடம் புரள்கிறது. நெக்ஸான் 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்புக் கார். அதே ஆண்டில் அன்றைய விட்டாரா பிரெஸ்ஸா நான்கு நட்சத்திரம் பெற்றது. அந்த ஐந்தையும் நான்கையும் இன்றைய மாதிரிகளுக்குப் பொருத்திப் பேசுவது பிழையாகும். இரண்டு கார்களும் அதன்பின் மாறிவிட்டன. சோதனை முறையும் 2022இல் கடுமையாக்கப்பட்டது. மைய அரசின் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின்மீது மோதவிடப்படுகிறது, பக்கவாட்டு மோதலும் தூணில் மோதும் சோதனையும் நடத்தப்படுகின்றன, பெரியவர் பாதுகாப்புக்கு 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 என்ற உச்ச மதிப்பெண்களில் தனித்தனியே அளவிடப்படுகிறது. இன்றைய நெக்ஸான் 2024 அக்டோபரில் இத்திட்டத்தில் 29.41, 43.83 என்ற மதிப்பெண்களோடு ஐந்து நட்சத்திரம் பெற்றது. இச்சோதனைக்குக் காரை அனுப்புவது உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், எந்தக் காரைப் பற்றியும் வாங்குபவர் கேட்க வேண்டியது, இந்த மாதிரி எந்த ஆண்டில், எந்த அமைப்பால், எந்த வேரியண்டில் சோதிக்கப்பட்டது என்பதே. சோதிக்கப்படவில்லை என்பதும் ஒரு விடைதான். அதை மறைத்து ‘பாடி கனம், அடித்தாலும் அசையாது’ என்று சொல்வது விடையன்று. ஆறு ஏர்பேக் இப்போது இரண்டு கார்களிலுமே எல்லா வேரியண்டிலும் வருகிறது; பின்னிருக்கையில் பெல்ட் போடாதவருக்கு அந்த ஆறும் துணை நிற்கா.

ஏர்பேக் விரியாமல் போனால் யார் பொறுப்பு என்பதை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தெளிவாக்கியது. காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா காரை 2015இல் வாங்கிய ஒருவர், 2017இல் டெல்லி–பானிபட் சாலையில் விபத்துக்குள்ளானபோது ஏர்பேக்குகள் விரியவில்லை. முன்புறத்தில் போதிய விசையுடன் மோதல் நிகழவில்லை என்று உற்பத்தி நிறுவனம் வாதிட்டது. டெல்லி மாநில நுகர்வோர் ஆணையம் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவற்றுக்கு மொத்தம் 3 லட்ச ரூபாய் வழங்குமாறும், காரை மாற்றித் தருமாறும் ஆணையிட்டது. தேசிய ஆணையமும் அதை உறுதி செய்தது. மேல்முறையீட்டைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், வேகத்தையும் விசையையும் கொண்டு மோதலின் தாக்கத்தைக் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தை வெளியிட்டது. பாதுகாப்பு அம்சம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்று தேவைப்பட்ட வேளையில் வேலை செய்யாததே குறைபாட்டுக்குச் சான்றாகலாம் என்பது, கார் வாங்கும் ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கும் வலுவான பிடிமானம்.

விலையில் இரண்டு வரம்புகள் பலருக்குத் தெரிவதில்லை. முதலாவது ஜிஎஸ்டி வரம்பு. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்கு மிகாமல், பெட்ரோலானால் 1200 சிசிக்கும் டீசலானால் 1500 சிசிக்கும் மிகாத எஞ்சின் கொண்ட கார்களுக்கு 18 விழுக்காடும், அவற்றுக்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடும் வரி. நெக்ஸான், பிரெஸ்ஸா இரண்டும் 3995 மில்லிமீட்டர் நீளமே. எனினும் 1462 சிசி பெட்ரோல் எஞ்சின் காரணமாகப் பிரெஸ்ஸா 40 விழுக்காட்டில் விழுகிறது. வெளித்தோற்றத்தில் ஒரே அளவான இரண்டு கார்களின் விலைக்குள் அடங்கிய வரி இவ்வளவு வேறுபடுகிறது.

இரண்டாவது தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள புதிய காருக்கு 13 விழுக்காடு, 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 விழுக்காடு. தாண்டிய தொகைக்கு மட்டுமின்றி முழு விலைக்கும் உயர்ந்த விகிதம் பொருந்துவதால், 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800. அலாய் வீலுக்காகவோ பெரிய திரைக்காகவோ ஒரு படி மேலான வேரியண்டைத் தேர்ந்தெடுப்பவர், 20,000 ரூபாய் கூடுதல் விலைக்கு 53,100 ரூபாய் கூடுதல் வரி கட்டுகிறார். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் வசூலிக்கும் 1 விழுக்காடு வருமான வரிப் பிடித்தம் வேறு. அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும் என்பதைச் சொல்லித்தர ஆளில்லாமல் விட்டுவிடும் விவசாயக் குடும்பங்கள் உண்டு. வரிக்கு அஞ்சிப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்யலாம் என்ற யோசனை இப்பகுதியில் எளிதாகக் காதில் விழும். பொய் முகவரியில் பதிவு செய்வது குற்றம். உண்மையான வெளிமாநிலப் பதிவானாலும் 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்டியாக வேண்டும்.

ஷோரூமில் கையில் தரப்படும் கொட்டேஷன் தாளை வரிவரியாகப் படிப்பது அவசியம். ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் ஆகியவை கணக்குக் காட்டத்தக்கவை. அவற்றின் கீழே ‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு தொகை நின்றால், அப்படியோர் அரசு வரியோ கட்டணமோ இல்லை என்பதைச் சொல்லி நீக்கக் கேட்கலாம். ‘ஆக்சஸரி பேக்’ எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி என்பதும், எங்கள் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் தள்ளுபடி என்பதும் ஒரு பொருளை வாங்க மற்றொன்றையும் வாங்கச் செய்யும் செயல். இது கட்டாயமாக்கப்படும்போது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைக்குள் வருகிறது. புதிய காருக்கு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ், அதாவது பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான காப்பீடு, 3 ஆண்டுகளுக்குக் கட்டாயம். சொந்தக் காரின் சேதத்துக்கான காப்பீட்டை எந்த நிறுவனத்திலும் எடுக்க வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. வங்கிக் கடனில் 2024 அக்டோபர் 1 முதல் முக்கிய விவரத் தாள் தருவதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ளது; வட்டியோடு எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்கும். மாதத் தவணை குறைவு என்று காட்டும் கடன், ஆண்டு விகிதத்தில் உயர்ந்திருப்பதை அத்தாளே வெளிக்காட்டிவிடும்.

எழுத்தின் வலிமையை விளக்கத் திருநாவலூர்க்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. இவ்வூரில் பிறந்த சுந்தரரின் வரலாற்றைப் பெரியபுராணத்தில் சொல்லும் சேக்கிழார், திருமணப் பந்தலில் முதிய அந்தணர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தபின்னும் வழக்கு முடியவில்லை என்று காட்டுகிறார். கிழிபட்டது படி ஓலை, மூல ஓலை தம்மிடம் உண்டு என்று முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் அதை எடுத்து வைக்க, அவையோர் அதிலிருந்த பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தார்கள். கார் வழக்கிலும் அவை கேட்பது அதையேதான். விற்பனையாளர் வாயால் சொன்ன தள்ளுபடியும், ‘பத்து நாளில் வண்டி’ என்ற உறுதியும், புக்கிங்கை ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வரும் என்ற பேச்சும் முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாளில் ஏறாவிட்டால் அவையேறா. வாட்ஸ்அப்பில் வந்தவற்றை அழிக்காமல் வைத்திருப்பதும் நல்லது.

டெலிவரிக்கு முன், பதிவுக்கும் முன், காரின் 17 எழுத்தெண் கொண்ட சேசிஸ் எண்ணை நேரில் பார்த்து, டீலர் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21, உற்பத்தியாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22 ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். தயாரான மாதத்தையும் ஆண்டையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 2009இல் தயாரான காரை 2011இல் புதியது என்று விற்றதாகக் கோவாவில் எழுந்த வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம், டீலரின் செயல் தெரிந்திருந்தது என்று மெய்ப்பிக்கப்படாத நிலையில் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று தீர்த்தது. டீலர் தன் பெயரில் வாங்கித் தன் பெயரில் விற்பவர் என்பதே காரணம். ஆகவே முறையீட்டில் டீலர், உற்பத்தியாளர் இருவரையும் சேர்ப்பதோடு, எவர் செய்த தவறு எது என்பதையும் பிரித்து எழுதுவது முக்கியம்.

வாங்கியபின் குறை தெரிந்தால், சர்வீஸ் மையத்தின் ஜாப் கார்டில் அக்குறை வாடிக்கையாளர் சொன்னபடியே எழுதப்பட வேண்டும். ‘மேட்டில் இரண்டாம் கியரில் எஞ்சின் நிற்கிறது’ என்று சொன்னவருக்கு ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிய தாள் தரப்பட்டால் கையெழுத்திடாமல் திருத்தச் சொல்ல வேண்டும். ஒரே குறை மூன்று முறை பதிவான மூன்று ஜாப் கார்டுகள், நூறு தொலைபேசி அழைப்புகளைவிடப் பெரிய சான்று. ஒரே வகைக் குறை பல வண்டிகளில் தோன்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110அ பிரிவின்கீழ் மைய அரசு அவ்வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிட முடியும். நிறுவனங்கள் தாமாகவே அழைப்பதும் உண்டு. 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியை இலவசமாக மாற்ற, பிரெஸ்ஸா உள்ளிட்ட 17,362 வண்டிகளை மாருதி அழைத்தது. அப்படி அழைப்பு வந்தால் அதைப் பழியாக எண்ணாமல் உடனே வண்டியைக் கொண்டுசெல்வதே சரி.

டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் எழுதியும் பயனில்லாதபோது, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். பல தகராறுகள் அங்கேயே முடிகின்றன. முடியாதவற்றுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த விலை 50 லட்சம் வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். கட்டணம் 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்; வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், திருநாவலூரில் வசிப்பவர் தம் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே மனு செய்யலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பெரிய நன்மை; இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் அனுப்பலாம். குறையைக் கண்டறியக் காரை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிட முடியும். அத்தகைய வழக்கை 5 மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தீர்ப்பை நிறைவேற்றாத நிறுவனத்தின்மீது அதே ஆணையத்தில் மீண்டும் மனு செய்யலாம். 72ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க அந்த ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு.