தபாலில் தவறிய பாஸ்போர்ட்

வெளிநாட்டுப் பிரயாணம் என்பது இன்று நம் சங்கத்துக் குடும்பங்களில் அபூர்வமான நிகழ்ச்சி அன்று. மகளின் பேறுகாலத்துக்குச் சிங்கப்பூர் செல்லும் தாய்மார், வேலை கிடைத்து ஜெர்மனி செல்லும் இளைஞர், வளைகுடா நாடுகளில் உழைத்து ஆண்டுக்கொருமுறை வந்து போகும் தொழிலாளர் என எவரேனும் ஒருவருக்காக ஏதேனும் ஒரு வீட்டில் பெட்டி கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இவர்கள் அனைவர்க்கும் பொதுவான அச்சம் ஒன்று உண்டு. டிக்கெட் வாங்கியாயிற்று; பாஸ்போர்ட் தபாலில் அனுப்பப்பட்டது என்று செய்தியும் வந்தாயிற்று; பாஸ்போர்ட் மட்டும் வீடு வந்து சேரவில்லை. அந்நிலையில் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் சட்டம் பயின்றவனல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ஆயினும் அந்த ஆபீஸ் எனக்கு ஒன்றைக் கற்பித்திருக்கிறது. சாமான் வரவில்லையே என்று வருவோரில் பெரும்பாலோர் "தொலைந்துவிட்டது" என்றே பேச்சைத் தொடங்குவர். நாங்கள் அச்சொல்லை அவ்வளவு எளிதில் எழுதிவிட மாட்டோம். இறக்க வேண்டிய நிலையத்தில் இறக்கப்படாமல் அப்பால் சென்றுவிட்ட மூட்டை உண்டு. சீட்டுக் கிழிந்து, யாருடையதென்று தெரியாமல் மூலையில் கிடக்கும் மூட்டை உண்டு. பெறுவாரைக் காணாது அனுப்பியவர்க்கே திரும்பிய மூட்டையும் உண்டு. இவை யாவும் கைக்கு எட்டாதவையேயன்றித் தொலைந்தவை அல்ல.

பாஸ்போர்ட் விஷயத்தில் இவ்வேறுபாடு இன்னும் முக்கியமானது. பார்சலைத் தொலைந்ததாக எழுதிப் பின்னர் கண்டெடுத்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பாஸ்போர்ட்டைத் தொலைந்ததாக எழுதிக் கொடுத்து, அது ரத்தாகிவிட்டதானால், மறுநாளே அது வாசற்படியில் வந்து விழுந்தாலும் அதைக் கொண்டு பிரயாணம் செய்தல் இயலாது. தொலைந்த, திருடுபோன பயணப் பத்திரங்களின் பட்டியல் ஒன்றை இன்டர்போல் நிறுவனம் 2002-ஆம் ஆண்டு முதல் வைத்திருக்கிறது. அப்பட்டியலில் உள்ள எண்ணோடு ஒருவர் அயல்நாட்டு விமான நிலையத்தில் நின்றால், அவர் எவ்வளவு உத்தமராயினும் தனியறைக்கு அழைத்துச் செல்லப்படுவார். ஆகவே போலீஸ் ஸ்டேஷனுக்குச் செல்லுமுன், உறை எங்கே இருக்கிறது என்று தேடுதலே முதற்கடன் என்பது என் துணிபு.

சென்ற ஆண்டு எங்கள் ரயில்வே காலனியில் நடந்ததைச் சொல்கிறேன். லோகோ பைலட் ஒருவரின் மனைவியார், மகளின் முதற் பேற்றுக்குச் சிங்கப்பூர் செல்ல ஏற்பாடு செய்திருந்தார். பத்தாண்டு முடிந்த பழைய பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகப் புதியது அச்சாகி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பப்பட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. பிரயாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாட்கள். சிங்கப்பூருக்கு நம்மவர்க்கு விசா வேண்டும். விசாவுக்கு மனுச் செய்யப் பாஸ்போர்ட்டின் பிரதி வேண்டும். நான்கு நாட்கள் கழிந்தும் தபால்காரர் வரவில்லை. அக்கணவரோ இருப்புப் பாதையில் சிவப்பு விளக்குக் கண்டாலன்றி நில்லாதவர். ஐந்தாம் நாள் காலை வெள்ளைத்தாளில் "காணாமற்போனது" என்று புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுவிட்டார்.

வழியில் அவரைத் தடுத்தவர் ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே தபால் பிரிவில் முப்பது ஆண்டுகள் கடிதம் பிரித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். "தம்பி, உறையின் எண் என்ன?" என்று கேட்டார். தம்பியிடம் விடையில்லை. அனுப்பியதாக வந்த செய்தியிலேயே அவ்வெண் இருந்தது; வீட்டில் ஒருவரும் அதைக் கவனித்துப் பார்க்கவில்லை. ஸ்பீட் போஸ்ட் எண் பதின்மூன்று இடங்கள் கொண்டது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அதைத் தபால் துறையின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. உறை எங்கள் வட்டாரத் தபாலாபீசுக்கு வந்திருக்கிறது. இரண்டு முறை பட்டுவாடாவுக்கும் எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் இங்கில்லை என்னும் குறிப்போடு அனுப்பியவர்க்கே திரும்பிவிட்டது.

வீட்டிலேயே இருந்த அம்மையாரை இல்லையென்று எழுதியது எங்ஙனம்? இங்கேதான் பிற மாநிலத்தில் வாழும் தமிழர்க்கே உரிய சங்கடம் ஒன்று தெரிகிறது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை; முதலெழுத்தே உண்டு. பாஸ்போர்ட்டோ முதலெழுத்தை ஏற்பதில்லை. விரித்தே எழுத வேண்டும். ஆதலின் அம்மையாரின் பெயருக்குப் பின்னே அவருடைய தந்தையாரின் பெயர், ஏதோ சாதிப்பெயரோ குலப்பெயரோ போல உறையின்மேல் அச்சாகியிருந்தது. காலனியில் அவரை அப்பெயரால் அறிந்தவர் எவருமிலர். கதவுப் பலகையில் கணவரின் பெயர், அதுவும் முதலெழுத்துகளோடு. கீழ்வீட்டு இந்திக்காரப் பாட்டியோ அவரைப் பத்தாண்டுகளாக "மதராஸி பஹூ" என்றே அழைத்து வருகிறார். தபால்காரர் வினவியபோது பாட்டி நேர்மையாகவே "அப்படி ஒருவரும் இங்கில்லை" என்று கூறிவிட்டார். இதில் எவரைக் குறை கூறுவது? பாஸ்போர்ட்டை உரியவரிடமே, அடையாளம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அண்டை வீட்டில் கொடுத்துச் செல்லாததற்காக அந்தத் தபால்காரரை நான் மெச்சவே செய்கிறேன்.

பெரியவரின் ஆலோசனைப்படி, கணவர் முதலில் தபாலாபீசுக்குச் சென்று, உறை எந்த நாளில் திருப்பி அனுப்பப்பட்டது என்பதை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொண்டார். பிறகு பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விசாரணைக்கென உள்ள பிரிவில் நேரம் குறித்துக்கொண்டு, மனைவியாருடன் மண்டலப் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனார். மனு எண், ஆதார் அட்டை, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு உத்தரவு, டிக்கெட்டின் பிரதி ஆகியவற்றைக் கொண்டு சென்றார். திரும்பி வந்த உறை அங்கே இருந்தது. விலாசத்தைச் சரிபார்த்து மீண்டும் அனுப்பினார்கள். இம்முறை கணவர் முன்கூட்டியே தபால்காரரைச் சந்தித்து, வீட்டைக் காட்டி, மனைவியாரின் முழுப்பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பிரயாணத்துக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில் உறை கைக்கு வந்தது. விசாவும் தவறாமல் வந்தது. பேரன் பிறப்பதற்கு ஐந்து நாட்கள் முன்னதாகவே அம்மையார் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று காலை அந்த வெள்ளைத்தாள் ஸ்டேஷனை அடைந்திருந்தால் என்னவாகியிருக்கும்? உயிரோடிருக்கும் பாஸ்போர்ட்டைக் கொன்றுவிட்டு, இன்னொன்றுக்கு முதலிலிருந்து மனுச் செய்ய வேண்டியிருந்திருக்கும். பத்தொன்பது நாட்களில் அது முடிந்திருக்குமென்று நான் நம்பவில்லை.

ஆகையால் மனுச் செய்யும்பொழுதே கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாஸ்போர்ட்டில் எப்பெயர் அச்சாகுமோ அப்பெயரை, வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். அழகு கெடும் என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு வாரம் கெட்டால் பாதகமில்லை. கீழ்வீட்டாருக்கும் காவலாளிக்கும் அப்பெயரைச் சொல்லி வையுங்கள். பின்கோடு விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. பல மொழிகளும் ஒரே பெயருடைய பல ஊர்களும் உள்ள இந்நாட்டில் கடிதங்கள் திசை தவறாதிருக்கவே 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அம்முறை ஏற்படுத்தப்பட்டது. ஆறு இலக்கங்களில் கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் தபாலாபீசைக் குறிப்பன. ரயில்வே காலனிகளில் இருப்புப் பாதைக்கு இப்பால் ஓர் எண்ணும் அப்பால் வேறோர் எண்ணும் இருத்தல் உண்டு. குவார்ட்டர்ஸ் மாறியவர்கள் பழக்கத்தால் பழைய எண்ணையே எழுதிவிடுகிறார்கள். மாற்றலாகி வேறு ஊர் செல்லும் நிலையில் இருப்பவர் மனுச் செய்வதைச் சற்றுத் தள்ளிப்போடுதல் நலம். பாஸ்போர்ட் ஒரு விலாசத்துக்கும் மனிதர் வேறு விலாசத்துக்கும் போவதால் விளையும் அல்லலை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, உண்மையாகவே தொலைந்துவிட்டால் செய்ய வேண்டுவதைப் பார்ப்போம். எவ்வளவு நாள் தேடலாம் என்று கேட்பீர்கள். பிரயாணத்துக்கு மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தால், எழுத்து மூலம் விசாரித்துக்கொண்டு ஒரு வாரம் பொறுக்கலாம் என்பது என் எண்ணம். பத்தே நாட்கள் இருக்குமாயின் காத்திராமல் நேரே பாஸ்போர்ட் ஆபீசுக்குச் சென்று நிலைமையைக் கூறி, அவர்கள் சொற்படி நடப்பதே முறை. பாஸ்போர்ட் நம் கையில் இருப்பினும் அது நம் சொத்து அன்று. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அதனை எக்காலத்தும் மத்திய அரசின் சொத்து என்கிறது. அது தொலைந்தால் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை அதனாலேயே நமக்கு உண்டாகிறது.

தபால் துறையிடமிருந்தோ கூரியர் நிறுவனத்திடமிருந்தோ "கண்டுபிடிக்க இயலவில்லை" என்று எழுத்து மூலம் பதில் பெறுக. அதைக் காட்டிப் போலீசில் புகார் பதிவு செய்து அறிக்கை பெறுக. எவ்வாறு எங்கே தொலைந்தது என்பதை விளக்கும் உறுதிமொழிக்கு "இணைப்பு எஃப்" என்று பெயர். அதன் மாதிரி இணையதளத்திலேயே கிடைக்கும். இம்மூன்றோடு மறுவெளியீட்டுக்கு மனுச் செய்தல் வேண்டும். வழக்கமான 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய் என்றால், தொலைந்ததற்குப் பதிலாகப் பெறுவதற்கு 3,000 ரூபாய். தத்கால் முறைக்கு மேலும் 2,000 ரூபாய். ஆயினும் அம்முறை எல்லோர்க்கும் எந்நிலையிலும் கிட்டுவதன்று. தமக்குப் பொருந்துமா என்பதை 1800-258-1800 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் முதலில் கேட்டறிக. அரசு ஊழியர்கள் தம் இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டுமென்பதை மறத்தலாகாது. புகாரில் கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். பாஸ்போர்ட் பெறப் பொய்த் தகவல் தருவோர்க்கு அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஏஜெண்டுகள் சிலர் "வீட்டில் தொலைந்தது என்று எழுதினால் விரைவில் முடியும்" என்று யோசனை சொல்வார்கள். கேட்க வேண்டா.

புதிய பாஸ்போர்ட் புதிய எண்ணோடு வரும். பழையதில் ஒட்டியிருந்த விசா அதனோடு போயிற்று. அதற்கும் மறுபடி மனுச் செய்தாக வேண்டும். இந்த இரண்டாம் காத்திருப்பைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் கடுமையை என் சக ஊழியரின் அண்ணன் மகன் நன்கறிவான். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பெற்றவன் அவன். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கூரியர் மூலம் வர வேண்டும். வேலையில் சேரப் பதினொரு நாட்கள் இருக்கையில், பட்டுவாடாவாகிவிட்டது என்று செய்தி வந்தது, கையெழுத்தோ எவருடையதோ. நான்கு நாட்கள் பையன் கூரியர்க் கிடங்கிலேயே கிடந்தான். ஐந்தாம் நாள் இயலாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவன் செய்த நற்காரியம் இரண்டு. பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் மனுச் செய்யுமுன்பே படமெடுத்து, ஒன்றைத் தந்தையாரிடமும் ஒன்றைத் தன் மின்னஞ்சலிலும் வைத்திருந்தான். போலீஸ் அறிக்கை கைக்கு வந்த அன்றே அதன் பிரதியோடு ஆஸ்பத்திரிக்கு உண்மையை எழுதிவிட்டான். அவர்கள் வேலையை ரத்துச் செய்யவில்லை. வேறு தேதி கொடுத்தார்கள். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போயிற்று. புதிய பாஸ்போர்ட்டும் புதிய விசாவும் வர ஏழு வாரங்களாயின. அந்த ஏழு வாரமும் அவன் தாயார் கட்டிய பெட்டியை அவிழ்க்கவேயில்லை.

அவன் சென்று மூன்று மாதங்களுக்குப் பின், அடுத்த தெருவில் அதே கதவு எண் கொண்ட கட்டடத்தின் காவலாளி ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மின்சார மீட்டர்ப் பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். தந்தையார் அதை மறுநாளே பாஸ்போர்ட் ஆபீசில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டார். விசா ஒட்டிய பக்கம் ஒரு மடிப்பும் இன்றிப் புத்தம் புதிதாக இருந்ததென்று என்னிடம் சொன்னார்.