‘ஐ டிடின்ட் வென்ட்’

கோவையின் போத்தனூருக்கு 1860-களில் ரயில் வந்தது. பின்னாலேயே ஆங்கிலமும் வந்தது. ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் யாரும் ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் பேசத் தொடங்கவில்லை. நம் பிள்ளைகளுக்கோ அந்தப் புத்தகம்தான் ஆங்கிலம்.

முன்பெல்லாம் கல்லூரி வகுப்பில் செய்வினை செயப்பாட்டுவினையாகும், நேர்கூற்று அயற்கூற்றாகும். ராமன் பாம்பைக் கொன்றான். பாம்பு ராமனால் கொல்லப்பட்டது. வருடா வருடம் அதே பாம்பு செத்தது. தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் இன்டர்வியூவில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இதற்கு எதிர்க்கரைக்கே போய்ப் பார்த்தவர் ஆங்கிலம் கற்பித்தலை ஆராய்ந்த என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளி வகுப்புகளில் இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்தாமலே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, அதிலிருந்து கேள்விகளுக்கு விடை கண்டுபிடிக்கச் சொல்வது அவர் பாடங்களில் ஒன்று. போத்தனூர் போன்ற ஜங்ஷன் ஊருக்கு இதைவிடத் தோதான பாடம் ஏது? மனம் பொருளில் ஊன்றியிருந்தால் இலக்கணம் தானே படியும் என்பது அவர் வாதம்.

இன்று கோவைக் கல்லூரிகளில் ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’ பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இருவர் இருவராகப் பேச்சு, குழு விவாதம், போலி இன்டர்வியூ. “தப்பா வந்துருமுங்க சார்” என்று ஒதுங்கியவர்களும் பேசுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முதலாண்டில் சொன்ன ‘ஐ டிடின்ட் வென்ட்’ மூன்றாமாண்டிலும் அப்படியே, இன்னும் வேகமாக வருகிறது. காரணம் சோம்பல் அல்ல. ‘போகவில்லை’ என்பதில் காலம் காட்டும் உறுப்பே கிடையாது. ஆங்கிலத்திலோ ‘டிட்’ காலத்தைச் சுமந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வினைச்சொல் வெறுமனே நிற்க வேண்டும். இதைக் காதால் மட்டும் பிடிக்கச் சிலரால்தான் முடியும். யாராவது ஒருமுறை பலகையில் போட்டுக் காட்ட வேண்டும்.

எப்போது காட்டுவது என்பதில்தான் சூட்சுமம். நல்ல ஆசிரியர் பேச்சின் நடுவே குறுக்கிடுவதில்லை. காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொள்கிறார். கடைசிப் பத்து நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், நாலைந்து வாக்கியங்களைப் பலகையில் எழுதி மாணவர்களையே திருத்தச் சொல்கிறார். தாங்கள் சற்றுமுன் பேசிய வாக்கியம் என்பதால் அவர்களுக்கு அதில் அக்கறை வருகிறது. செத்த பாம்பின்மேல் அது வந்ததே இல்லை.

ஆனால் அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் ஓர் ஆசிரியரின் காது எத்தனை ஜோடிகளைக் கேட்கும்? பாடத்திட்டத்தை மாற்றியவர்கள் வகுப்பைப் பாதியாகப் பிரிக்கவும் யோசித்திருக்கலாம்.