பேரப்பிள்ளைகளின் ஹாலோவீனும் பாட்டி வீட்டுப் படையலும்

2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. ஹாலோவீனும் அதே நாள்தான். ஹாலோவீனுக்குத் தேதி மாறாது. தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருவதால் அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். 2025-இல் அது அக்டோபர் 20-க்கே வந்துவிட்டது.

இந்தப் பருவத்தில் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூருக்கு வரும் பேரப்பிள்ளைகள், பேய் முகமூடி கேட்பது இப்போது புதிதல்ல. "நல்ல நாளும் அதுவுமா பேய் எதுக்கு?" என்று பாட்டிகள் முகம் சுளிப்பதும் வழக்கம்தான். ஆனால் அதன் வேரைப் பார்த்தால் பாட்டிக்கு அது அவ்வளவு அந்நியமாக இருக்காது.

அயர்லாந்துப் பக்கம் வாழ்ந்த கெல்டிக் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவில் இறந்தவர்கள் வீடு திரும்புவதாக நம்பினார்கள். பிறகு கிறிஸ்துவத் திருச்சபை நவம்பர் 1-ஐப் புனிதர்கள் நாளாகவும், 2-ஐ இறந்தோர் நினைவு நாளாகவும் ஆக்கியது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றுவது அந்த இரண்டாம் நாளில்தான். புனிதர் நாளுக்கு முந்திய மாலை என்ற பொருளில் வந்த பெயரே ஹாலோவீன். இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு ரொட்டி வாங்கிச் சென்றார்கள். இன்று பிள்ளைகள் மிட்டாய் கேட்பது அதன் மிச்சம் என்று பலரும் கருதுகிறார்கள். டர்னிப் கிழங்கில் விளக்குச் செதுக்கிய ஐரிஷ்காரர்கள், பிழைக்க அமெரிக்கா போனபோது அங்கே கிடைத்த பரங்கிக்காய்க்கு மாறினார்கள்.

நம்மவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். தீபாவளிக்கு முதல் நாள் மாலை தோட்டத்து லயன் வீடுகளில் போட்ட படையல், இன்று தாமான் வீடுகளிலும் தொடர்கிறது. தலைவாழை இலை, இறந்தவருக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி, இட்லி, வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய புத்தாடை. கள் குடித்த தாத்தாவுக்கு இன்று ஒரு பீர் போத்தல். வள்ளுவரும் இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரையே முதலில் சொல்கிறார்.

சிக்கல் முகமூடியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் தீபாவளிக்கு ஒரு நாள்தான் பொதுவிடுமுறை. முதல் நாள் வேலை முடிந்து கிளம்பும் குடும்பம், 1924-இல் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் பாலத்தில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு வீடு சேரும்போது இலை எடுத்தாகிவிடும். பிள்ளைகள் பார்ப்பது மறுநாள் முறுக்கை மட்டும். ஐந்து நிமிடத்தில் கடக்கும் ஆர்.டி.எஸ். ரயில் 2026 இறுதியில் ஓடும் என்று திட்டம். அதுவரை, படையலை முந்திய வார இறுதிக்கே மாற்றிக்கொள்வது நல்லது. தேதியை விட, பிள்ளை தன் கையால் இலை போடுவது முக்கியம் அல்லவா?

சுற்றிப் பார்க்க இடங்களுக்குக் குறைவில்லை. இஸ்கண்டார் புத்ரி லெகோலேண்டில் அக்டோபரில் ஹாலோவீன் நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலைப் பிள்ளைகள் எளிதில் மறக்க மாட்டார்கள். கோத்தா திங்கி அருவிக்கு மட்டும் மழை பார்த்துப் போக வேண்டும். மேலே மழை பெய்தால், கீழே வெயிலடித்தாலும் திடீர் வெள்ளம் இறங்கிவிடும்.

கூலாய், லாயாங்-லாயாங், ரெங்கம் பக்கம் பழைய தோட்டம் இருந்தால் ஒரு காலைப் பொழுதை அங்கே ஒதுக்கலாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்திருக்கும், லயன்களும் இடிந்திருக்கும். பல இடங்களில் கோயிலும் சுடுகாடும் மட்டும் மிச்சம். அவை கம்பெனி நிலத்துக்குள் இருப்பதால், முன்கூட்டியே தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வாசலில் ஜாகாவிடம் காட்ட அடையாள அட்டையோடு போவது நல்லது.