வயலை விட்டு வந்த கால்கள்

காவிரிப் படுகையில் வயது முதிர்ந்தவர்களுக்குத் தேகாப்பியாசம் என்று தனியாக ஒன்று நெடுங்காலம் தேவைப்பட்டதில்லை. குறுவைக்கு நாற்றுப் பறிப்பதும், சம்பாவுக்கு நடுவதும், தாளடி அறுத்த பின் உளுந்து பறிப்பதுமாக, எழுபது பிராயம் வரை குனிந்தும் நிமிர்ந்தும் ஜீவித்த ஜனங்கள் அவர்கள். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து, பல ஊர்களில் நேரடி விதைப்பும் பரவிய பிறகு அந்த உழைப்பின் கடுமை குறைந்தது குறித்து மகிழ்ச்சியே. ஆனால் கடுமையோடு கூடவே நடவு ஆட்களின் சகவாசமும், விடியற்காலையில் வாசற்படி இறங்குவதற்கு இருந்த காரணமும் போய்விட்டன. தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மூதாட்டியிடம், "வயசான காலத்துல சும்மா இருங்க அப்பாயி" என்று அன்போடு சொல்கிறோம். அந்த அன்புதான் அவருடைய தொடைச் சதையை மெலியச் செய்து, ஒருநாள் கொல்லைப்புறத்து ஈரத் தரையில் அவரைச் சறுக்கி விழச் செய்கிறது.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். அறுபத்தைந்தைத் தாண்டியவர் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான அளவில் உடம்பை அசைக்க வேண்டும் என்றும், தசைக்கு வலுவும் நடைக்கு நிதானமும் தரும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. மாத்திரையால் ரத்த அழுத்தத்தை அடக்கலாம். எழுந்து நிற்கும் சக்தியை மாத்திரையால் தர இயலாது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மாத்திரையைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவரின் பணியே. கைப்பிடி இல்லாத நாற்காலியில் பாட்டியை உட்காரவைத்து, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்திருக்கச் சொல்வார். முதல் முறை பாதி எழுந்து மறுபடி பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறவரை, பாதத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து எழும்படி பழக்குவார். பிறகு திண்ணைத் தூணைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்வார். பார்ப்பதற்கு அற்பமான காரியம். ஆயினும் பிறர் துணையின்றிக் கழிப்பறைக்குப் போய் வரும் சுதந்திரம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. அவர் போன பிறகு பாட்டி தனியாக அதைச் செய்வாரா என்பதுதான் என் கவலை.

2023-இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தத் தூரம் நடுவயதினருக்கு ஏற்றது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு வேண்டியது, வீட்டுக்குப் பக்கத்தில் மேடுபள்ளமில்லாத ஒரு சிறு சுற்றும், நிழலும், இடையிடையே உட்கார ஒரு பெஞ்சும். தஞ்சைப் பெரிய கோயிலின் பிராகாரம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடையது. ஒரு பிரதட்சிணம் அறுநூறு, எழுநூறு மீட்டர் ஆகிவிடும். நம் பெரியவர்கள் பக்தியால் செய்துவந்த இந்த நடையை எந்த வைத்தியனும் ஆட்சேபிக்கமாட்டான். ஆயினும் ஊரில் எல்லாருடைய சுவாமியும் ஒரே கோயிலில் இல்லையாதலால், எல்லாச் சமூகத்தாரும் சங்கோசமின்றிக் கூடுகிற பொது இடம் ஒன்று அவசியம்.

கூடுவதன் மகிமையைப் பழைய தஞ்சை ஜில்லாவின் கடற்கரை நமக்குக் காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மகனையும் மருமகளையும் பறிகொடுத்து, பேரக் குழந்தையோடு மிஞ்சிய கிழவர்களுக்கு, வயதைக் காரணமாகச் சொல்லிக் கடன் கொடுக்க ஆளில்லாத வேளையில், ஹெல்ப்ஏஜ் இந்தியா ஸ்தாபனம் இந்தக் கரையோர கிராமங்களில் முதியோர் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. மாதந்தோறும் சிறு தொகை சேமிப்பது, அதிலிருந்து சுழல் முறையில் கடன் பெறுவது, கருவாடு விற்பதோ ஆடு வளர்ப்பதோ பெட்டிக்கடை வைப்பதோ அவரவர் சக்திக்கேற்ற தொழில் செய்வது என்பன அவற்றின் ஏற்பாடு. இவை நிவாரணத்துக்காகத் தோன்றியவை. ஆனால் கூட்டத்துக்கு வராத அங்கத்தினரை "ஏன் வரலை, உடம்புக்கு முடியலையா?" என்று வீட்டுக்குப் போய் விசாரிக்க வைக்கும் பந்தம் இத்தகைய குழுவில்தான் உண்டாகிறது. கணக்கு நோட்டில் கைரேகை வைப்பதற்காகத் தெருக்கோடி வரை நடந்து வருகிற கிழவி, தேகாப்பியாசம் செய்கிறோம் என்று அறியாமலே அதைச் செய்கிறாள். நான் பிரதானமாகக் கருதுவதும் இதையே: கட்டளைக்காக நடப்பவர் சில நாளில் நிறுத்திவிடுவார், காத்திருக்கும் ஆளுக்காக நடப்பவர் நிறுத்தமாட்டார்.

நூறு நாள் வேலை முதியோருக்கென்று வகுக்கப்பட்டதன்று. எனினும் வாய்க்கால் கரையில் பத்துப் பேரோடு நின்று மண் அள்ளியதும், வேலை நடுவே வெற்றிலைப் பை அவிழ்த்துப் பேசியதும் எத்தனையோ விதவைகளுக்கு அருமருந்தாக இருந்தன. இத்தகையோர் நம்பியிருக்கும் முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.பி. பணம் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 1983 முதல் அந்தப் பென்ஷன் பெறுவோரும் சத்துணவு மையத்தில் சாப்பிடலாம் என்ற ஏற்பாடும் உண்டு. அதைச் சாப்பாட்டோடு நிறுத்தாமல், சாப்பிட வந்தவர்கள் அரைமணி நேரம் இருந்து கை கால் அசைத்துவிட்டுப் போகும் இடமாகவும் அந்த மையத்தை ஆக்கக் கூடாதா?

ஜப்பானில் 1928 முதல் வானொலியில் தேகாப்பியாச நிகழ்ச்சி ஒலிபரப்பாகி வருகிறது. காலை ஆறரை மணிக்கு அதைக் கேட்டபடி பூங்காக்களில் முதியோர் ஒன்றாகக் கை கால்களை அசைக்கிறார்கள். நம் ஊர்களில் மார்கழி மாதம் முழுவதும் விடியுமுன்பே ஒலிபெருக்கி பாடுகிறது. வருஷத்தின் மற்ற மாதங்களில் அதே ஒலிபெருக்கி கால்மணி நேரம் முதியோரை அழைத்தால் செலவு என்ன ஆகிவிடும்?

அக்டோபர் 1-ஆம் தேதி சர்வதேச முதியோர் தினம். மறுநாள் காந்தி ஜயந்தியன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. சமதளமான ஒரு நடைபாதை, இரண்டு பெஞ்சு, ஒரு கழிப்பறை, வாரம் ஒருமுறை இயன்முறை மருத்துவரின் வருகை, முதியோர் குழு கூட ஓர் அறை ஆகியவற்றைக் கேட்டு உங்கள் ஊரிலும் தீர்மானம் எழுதச் செய்யுங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் அப்பாயியையும் தாத்தாவையும் கையைப் பிடித்து நடத்தியே அழைத்துச் செல்லுங்கள்.