இரண்டாவது சேணம்: கடைக்கு முன் குதிரையிடம் போங்கள்

லொறி வைத்திருப்பவர் மேலதிக டயர் இல்லாமல் தூரப் பயணம் போவதில்லை. நுவரெலியாவில் சவாரிக்குக் குதிரை விடுபவர்களுக்கு இரண்டாவது சேணமும் அப்படித்தான். ஏப்ரல் சீசனில் காலை முதல் மாலை வரை ஆட்கள் ஏறி இறங்குவார்கள். மழையில் நனைந்த தோல் சேணம் இலகுவில் உலராது. தையல் விட்டால் அன்றைய உழைப்பும் விட்டது. ஆகவே இரண்டாவது ஒன்று அவசியம்.

தவறு வாங்கும் முறையில்தான் நடக்கிறது. "இருப்பது போல இன்னொன்று தாருங்கள்" என்று கேட்கிறோம். முதல் சேணம் வாங்கியபோது மெலிந்திருந்த குதிரை இன்று கொழுத்திருக்கலாம். தீனி, வயது, வேலை எல்லாம் அதன் முதுகை மாற்றுகின்றன. சேணத்துக்குள் ஒரு கடினமான சட்டம் உண்டு. அது ஒடுங்கியிருந்தால் தோளின் பின்புறத்தை நெரிக்கும். அகன்றிருந்தால் கழுத்தடி மேட்டில் இறங்கி உராயும். அடியில் துணியை மடித்து வைப்பது, இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி மேசு போடுவதைப் போன்றது. முதுகு புண்பட்டால் ஆறும்வரை சேணம் போட முடியாது. தீனிச் செலவு மட்டும் நிற்காது.

எனவே முதலில் அளவெடுங்கள். வளையக்கூடிய தடித்த கம்பி ஒன்றைத் தோள் எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே வைத்து அழுத்துங்கள். அந்த வளைவைக் காட்போட்டில் வரைந்து வெட்டி, கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சேணத்தின் முன் வளைவோடு அது பொருந்தாவிட்டால் விலை பேசுவதே வீண்.

பாவித்த சேணம் என்றால், முன்பக்கத்தை வயிற்றில் ஊன்றிப் பின்பக்கத்தை உங்களை நோக்கி இழுங்கள். நடுவில் மடிந்தாலோ முறுகல் சத்தம் கேட்டாலோ சட்டம் உடைந்திருக்கலாம். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். உள்ளே அடைத்த கம்பளி கட்டிபட்டிருப்பது பெரிய குறையல்ல, மீண்டும் அடைக்கலாம். அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் வோல்சோல், இந்தியாவின் கான்பூர் ஆகியவை தோல் சேணத்துக்குப் பேர்போன ஊர்கள். ஆனால் குளிரும் மழையும் உள்ள இடத்தில் இரண்டாவது சேணம் செயற்கைப் பொருளால் ஆனதாக இருப்பதே என் தெரிவு. கழுவலாம், விரைவில் உலரும். வின்டெக் போன்றவற்றில் முன் தகட்டை மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். முதுகின் நீள வளைவுக்கு அது பரிகாரமல்ல.

கொடுக்கல் வாங்கலில் நம்மிடம் உள்ள ஒரு வசதியை இங்கே பயன்படுத்தலாம். திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஒப்பந்தத்தின்போதே நிபந்தனையாக வைப்பதற்கு ஷாபிஈ மத்ஹபில் மூன்று நாட்கள் வரை இடமுண்டு. அந்த மூன்று நாட்களும் போதும். துணியின்றி வெறும் முதுகில் சற்று முன்னால் வைத்து, தானாக அமரும் இடம்வரை பின்னால் நகர்த்துங்கள். ஆள் ஏறியபின் முன் வளைவுக்குக் கீழே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் முதுகெலும்பின் மேல் வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு சுத்தமான மெல்லிய துணி விரித்துச் சவாரி விட்டுக் கழற்றுங்கள். வியர்வை இருபுறமும் சீராக இருந்தால் நல்லது. நடுவில் உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் கூடியிருக்கலாம், அல்லது சேணம் அங்கே படவேயில்லை.

சேணத்தின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டவே கூடாது. பருத்த வாடிக்கையாளருக்காகச் சிறிய குதிரையில் பெரிய சேணம் போடுபவர்கள் இதில்தான் பிழைக்கிறார்கள். அவரை ஏற்றாமல் விடுவதே இலாபம். படம் எடுத்து முடியும்வரை ஆளைக் குதிரை மேலேயே வைத்திருக்கும் பழக்கமும் உண்டு. கால்நடைகளின் முதுகை மிம்பராக்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்தது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

புதிய கம்பளி சில மாதங்களில் அமுங்கும். அப்போது மீண்டும் பாருங்கள். வெட்டிய காட்போட்டை எறிய வேண்டாம். குதிரையின் பெயரையும் திகதியையும் அதில் எழுதி வையுங்கள். அடுத்த சீசனுக்கு முன் புதிதாக ஒன்று வெட்டி, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.